ஆரூரனுக்குப் பக்கத்துச் சீற்

கோப்பாய் தெற்கு
18.01.2026

அன்புள்ள மச்சாளுக்கு,

வித்தியா எழுதுகிறேன். இங்கே மாமா, ஆரூரன், நான் எல்லோரும் சுகம். மழை விட்ட பிறகு மாமாவின் இடுப்புக் கொஞ்சம் பரவாயில்லை. பொல்லு இல்லாமலே படலைவரை போய் வருகிறார். அந்தக் குளிரில் நீங்களும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

நீங்கள் அனுப்பிய கனடா ரிக்கற் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. பிஸ்னஸ் கிளாஸ் என்று கண்டதும் அயலட்டை முழுவதற்கும் சொல்ல வேண்டும் போலவும், ஒருவருக்கும் சொல்லக்கூடாது போலவும் இருந்தது. சீற் நீண்டு கட்டிலாகும் என்று மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். "படுத்துக்கொண்டு போறதோ? அப்ப அது பறக்கிற ஆஸ்பத்திரி எண்டு சொல்லும்" என்றார். ஆனால் அன்று பின்னேரமே சவரம் செய்துகொண்டார். நாலு மாதம் இருக்கிறது பயணத்துக்கு.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் வட்ஸ்அப் எடுத்தால் ஸ்பீக்கரில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மாமா காதைக் கொண்டுவருவார், ஆரூரன் கையைக் கொண்டுவருவான். அதனால்தான் தாளில் எழுதி, படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

ரிக்கற்றில் சீற் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கிறது. மூன்று பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில்தானே? இன்னொன்று. மாமாவும் ஆரூரனும் ஒரு பதிவில் இருக்கிறார்கள், நான் தனியாக வேறு பதிவில். அது ஏதும் காரணத்தோடா, தவறுதலாகவா?

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உங்கள் வித்தியா

பி.கு. அந்தக் கோடு எல்லோருக்கும் வருகிற கோடுதானா?

*

ஸ்காபரோ
29.01.2026

அன்பின் வித்தியா,

உம்முடைய கடிதம் பார்த்துச் சந்தோஷம். இங்கே பனி முழங்கால் உயரம். எனக்கு ஒரு கிழமையாகத் தடிமன், அதோடுதான் வேலைக்குப் போகிறேன். முதியோர் இல்லத்தில் லீவு கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். மற்றபடி எல்லோரும் சுகம். தம்பி ஜெயரூபன் போன ஞாயிறு வந்து சாப்பிட்டான். மகனுக்குச் சின்னச் சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறானாம். நாலு வருடத்துக்குப் பிறகு பெண்சாதி பிள்ளையைக் காணப் போகிறான், கால் நிலத்தில் இல்லை அவனுக்கு.

நான் பெருமைக்குப் பிஸ்னஸ் கிளாஸ் போடவில்லை. அப்பாவின் இடுப்போடு பதினாலு மணித்தியாலம் குந்திக்கொண்டு வர ஏலாது. ஆறு வருடமாக அரிசிக்கும் பெற்றோலுக்கும் தேய்த்த கார்ட்டில் சேர்ந்த புள்ளியெல்லாம் இதில் போனது. போகட்டும்.

இப்ப சீற் கதை. நான் எடுத்தது அந்த வகுப்பிலேயே மலிவான ரிக்கற். படுக்கை தருவார்கள், பட்டுத் துவாய் மாதிரி ஒன்று தருவார்கள், ஆனால் எந்த இடத்தில் படுப்பது என்று நாங்கள் தெரிவதென்றால் அதற்குத் தனிக் காசு. சீற் ஒன்றுக்கு இருநூற்றுப் பத்து டொலர். இவ்வளவு கொடுத்த பிறகும் கேட்கிறார்கள், பாரும். பயணத்துக்கு இரண்டு நாள் முதல் அவர்களே சும்மா தருவார்கள். அதுவரை அந்தக் கோடுதான். பொறும்.

பதிவு இரண்டானது அப்பாவால். நான் மூன்றையும் ஒன்றாகத்தான் போட இருந்தேன். "மூண்டு பேர் ஒண்டாய் வெளிக்கிடக் கூடாது பிள்ளை. என்னையும் பேரனையும் ஒண்டாய்ப் போடு, வித்தியாவைத் தனியப் போடு" என்று, நீர் வீட்டில் இல்லாத நேரம் போனில் ஒரே பிடி. அம்மா இருந்த காலத்தில் அவதான் உதெல்லாம் சொல்லுவா, அப்பா சிரிப்பார். இப்ப வயது போகப் போக இவருக்கு வந்துவிட்டது போல. வயதானவரோடு என்ன வாதாடுவது என்று விட்டுவிட்டேன்.

வரும்போது மிளகாய்த்தூள் நாலு கிலோ. மறக்க வேண்டாம்.

அன்புடன் குணம் மச்சாள்

*

கோப்பாய் தெற்கு
08.02.2026

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்களா? நாங்கள் மூன்று பேரும் சுகம்.

அந்த விமானத்தின் உள்பக்கத்தை யாரோ எடுத்துப் போட்ட வீடியோ ஒன்று கிடைத்தது. முதல் விமானம் ஐந்து மணித்தியாலம், அதைச் சமாளிக்கலாம். இரண்டாவதைத்தான் பார்க்கிறேன். எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். யன்னல் பக்கம் ஒவ்வொரு சீற் தனித்தனி. நடுவில் மட்டும் இரண்டு சீற் சோடியாக. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுவர் மாதிரி ஒன்று. அதற்குள் படுத்தால் ஆள் இருப்பதே வெளியே தெரியாது. அந்த வீடியோப் பெண் "என்ன அமைதி!" என்று ஆங்கிலத்தில் வியக்கிறாள். எனக்கு அந்த அமைதியைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

மச்சாள், எனக்கு ஆரூரனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் என்றால் பின்னாலோ எதிராகவோ இல்லை, கையை நீட்டினால் முட்டுகிற இடத்தில். மற்றது எதுவும் எனக்கு வேண்டாம். படுக்கை வேண்டாம், சாப்பாடு வேண்டாம். அவனுக்குப் பக்கத்தில் இருத்தினால் போதும், ஸ்ரூலில் இருத்தினாலும் சரி.

அவன் ஐந்து வயதுப் பெடியன், குழந்தை இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஓம், தெரியும்.

இங்கே வேறு புதினம் இல்லை. மோட்டர்க் கொட்டில் திறப்பைக் காணவில்லை என்று இரண்டு நாள் தேடினோம், வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க முடியவில்லை. கடைசியில் ஆரூரனின் தலையணைக்குக் கீழே கிடந்தது, அந்தப் பெரிய இரும்புத் திறப்பு. விளையாடிக் கொண்டுபோய் வைத்திருக்கிறான், கேட்டால் முழிக்கிறான். மாமா வேறு சாவி வெட்டுவித்துவிட்டார். "பழசு அங்கையே கிடக்கட்டும், பெடியன் ஆசைப்படுறான்" என்கிறார். இப்படித்தான் அவனுக்குச் செல்லம்.

எனக்குப் பதில் எழுதப் பிந்த வேண்டாம். தயவு செய்து.

உங்கள் வித்தியா

பி.கு. அந்தச் சுவரை இறக்கலாமா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

*

ஸ்காபரோ
27.02.2026

அன்பின் வித்தியா,

பிந்திவிட்டது, குறை நினைக்காதேயும். இரண்டு பேர் வேலைக்கு வராததால் எனக்கு இரட்டை வேலை. உங்கள் எல்லோருக்கும் சுகந்தானே?

விமானக் கொம்பனியோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். சிறுபிள்ளை வந்தால் அதே பதிவில் இருக்கிற பெரிய ஆளுக்குப் பக்கத்தில் அவர்களே சும்மா இருத்துவார்களாம். அது நல்ல சட்டம். அந்தச் சட்டப்படி ஏற்கனவே போட்டுவிட்டார்கள்: நடுச் சோடி, மூன்றாம் வரிசை. 3E ஆரூரன், 3F அப்பா. நீர் வேறு பதிவு என்றபடியால் அந்தச் சட்டம் உமக்கு இல்லை; நான் கெஞ்சிக் கேட்டதில் இப்போதே 7A, யன்னல், தந்தார்கள்.

ஆக, ஆரூரனுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு சீற். மற்றப் பக்கம் நடைபாதை. அங்கே ஒன்று அப்பா இருக்கலாம், இல்லாவிட்டால் நீர் இருக்கலாம்.

ஏறின பிறகு நீங்கள் இரண்டு பேரும் மாறிக்கொள்ளலாம்தான். ஆனால் ஏழாம் வரிசையிலிருந்து கழிப்பறைக்கு அப்பா பொல்லோடு எத்தனை தரம் நடப்பார்? மூன்றாம் வரிசை என்றால் நாலு எட்டு. அதோடு நான் அவரிடம் கேட்டும் பார்த்தேன். "நான் பேரனோடைதான் இருப்பன்" என்றார். எழுபத்தைந்து வயதில் முதன்முதல் விமானம் ஏறுகிற மனிசன், அவருடைய ஒரே ஆசை அது. நீர் ஒரு பயணம் கால் நீட்டி நித்திரை கொண்டு வாருமன். அப்பா பார்த்துக்கொள்வார்.

அன்புடன் குணம் மச்சாள்

*

கோப்பாய் தெற்கு
04.03.2026

அன்புள்ள மச்சாளுக்கு,

இரட்டை வேலைக்கிடையில் எனக்காக முக்கால் மணித்தியாலம் போனில் நின்றிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை செய்யாதீர்கள். நாங்கள் சுகம்.

நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் நான் விமானக் கொம்பனியின் கொழும்புக் கந்தோருக்கு எடுத்துக் கதைத்தேன், கோபிக்க வேண்டாம். தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை எடுத்தா.

"மூண்டு பேரும் ஒரு குடும்பமோ?" என்றா.

"ஓம்."

"சிவசுப்பிரமணியம் அம்பலவாணர். ஆரூரன் ஜெயரூபன். வித்தியா பிரகலாதன். மூண்டு பேருக்கும் மூண்டு குடும்பப் பேர் கிடக்கு அக்கா."

"அவருக்கு அவரின்ரை அப்பா பேர், பிள்ளைக்குப் பிள்ளையின்ரை அப்பா பேர், எனக்கு என்ரை அப்பா பேர். கலியாணத்துக்கு முதல் எடுத்த பாஸ்போட்டைப் புதுப்பிச்சது. எங்கடை ஆக்களுக்கு இப்பிடித்தானே?"

"எனக்கு விளங்குது அக்கா, நான் சாவகச்சேரி. இந்தக் கொம்பியூட்டருக்கு விளங்காது. நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?"

நான் பெற்ற பிள்ளைக்கு நான் என்ன முறை என்று கேட்கிறா, மச்சாள். அம்மா என்றேன். "அப்ப ஏன் அக்கா வேறை பதிவு?" என்று கேட்டா. மூன்று பேர் ஒன்றாக வெளிக்கிடக்கூடாது என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "எங்கடை வீட்டிலையும் நாலாவது ஆளாய் ஒரு கல்லைக் கொண்டுபோவினம்" என்றா. பிறகு, காசு கட்டினால் மாற்றலாம், ஆனால் பதிவு செய்தவர்தான் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றா. பதிவு செய்தவர் நீங்கள்.

மாமா குறட்டை விடுவார், ஆரூரன் முழித்துவிடுவான். அவனுக்குப் பால் ஊற்றத் தெரியாது, மாமாவின் மேல் கொட்டுவான். சிலவேளை படுக்கையையும் நனைக்கிறான். இந்த வயதில் மாமாவுக்கு ஏன் அந்தக் கரைச்சல்? காசை நான் எப்படியாவது தருகிறேன், ஒரு சங்கிலி சும்மாதான் கிடக்கிறது.

இரவில் எனக்கு நித்திரை வருவதில்லை, அதனால் எழுத்தும் கோணலாக இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வித்தியா

*

ஸ்காபரோ
09.03.2026

வித்தியா,

சுகந்தானே? நாங்கள் சுகம்.

அப்பாவின் குறட்டையும் பாலும் எழுதியிருந்தீர். வாசித்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வருடம் எங்கள் இரண்டு பேரையும் சமைத்துப் போட்டுத் தலை வாரி வளர்த்தவர் அப்பா. ஜெயரூபனுக்கு அப்போது மூன்று வயது. அவருக்குப் பிள்ளை பார்க்கத் தெரியும். எங்கள் அப்பாவோடு உம்முடைய பிள்ளையை விடப் பயம் என்றால் அதை நேரே எழுதலாம்.

சங்கிலி விற்க வேண்டாம். காசு பற்றி நான் உம்மிடம் கேட்கவில்லை.

குணலட்சுமி

*

கோப்பாய் தெற்கு
14.04.2026

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் புதுவருட வாழ்த்துகள். மாமா மருத்துநீர் வைத்து எல்லோர் தலையிலும் தடவிவிட்டார். கைவிசேடமாக ஆரூரனுக்கு நூறு ரூபா கொடுத்தார், அவன் அதை உங்களுக்குத் தருவானாம். உடம்புகளுக்குக் குறைவில்லை என்று வழமைபோல எழுத வந்தேன்.

ஒரு மாதமும் ஐந்து நாளும் பதில் எழுதவில்லை. நீங்கள் கோபமாக இருப்பீர்கள். கோபம் மாறட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, எனக்கு எழுதத் துணிவு வரவில்லை. மூன்று தரம் எழுதி அழித்தேன்.

மச்சாள், ஆரூரனுக்கு வலிப்பு வருகிறது.

முதல் தரம் மார்கழி பிறக்க முதல். குசினி வாசலில் இருந்து புட்டுச் சாப்பிட்டவன், கோப்பை ஒரு பக்கம் உருள, கண் மேலே போய், கையும் காலும் வெட்டத் தொடங்கியது. செத்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டாம் தரம் திருவெம்பாவை நேரம், விடியற்புறம், முற்றத்தில். நல்ல காலம் மாமா கோயிலுக்குப் போயிருந்தார், காணவில்லை. அதற்குப் பிறகு நாலு தரம். விசாவும் மெடிக்கலும் எல்லாம் முடிந்த பிறகுதான் இது வந்தது, நான் எதையும் மறைத்து விசா எடுக்கவில்லை, அதையாவது நம்புங்கள்.

காய்ச்சல் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்கு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தலையை ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லையாம். பாணி மருந்து இரண்டு நேரமும் கொடுக்கிறேன். விமானத்தில் போகலாம் என்று டொக்டர் கடிதமும் தந்திருக்கிறார். "நித்திரை குழம்பினாலும் களைச்சாலும் வரப் பாக்கும். வந்தால் பக்கவாட்டிலை திருப்பிவிட்டு, நேரத்தை எண்ணிக்கொண்டு இருங்கோ. வாய்க்குள்ளை ஒண்டும் வைக்கக்கூடாது. அஞ்சு நிமிசத்துக்கு மேலை போனால்தான் இந்த அவசர மருந்து" என்றார். எண்ணுவது மட்டும்தான் அம்மாவுக்கு வேலை. ஆனால் எண்ணுவதற்கு, வந்தது தெரிய வேண்டும். அது சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. அந்தச் சுவருக்குள் அவன் படுத்திருக்க, ஏழாம் வரிசையில் நான் எதை எண்ணுவேன்? மாமா பக்கத்தில் இருந்து, தெரியாமல், அவன் வாய்க்குள் கரண்டியை வைத்துவிட்டால்?

ஏன் மறைத்தீர் என்று கேட்பீர்கள். வலிப்பு என்று ஒருதரம் சொன்னால் இந்த ஊர் அவனுடைய பெயரையே மறந்துவிடும். வலிப்புக்காரப் பெடியன் என்றுதான் பிறகு அவனுக்குப் பெயர். பள்ளிக்கூடத்தில், கோயிலில், நாளைக்கு அவனுடைய கலியாணத்தில். உங்கள் தம்பிக்கும் சொல்லவில்லை. அந்தச் சைக்கிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், சிவப்பு நிறம். நான் "வடிவு" என்று எழுதிவிட்டுப் போனை வைத்துவிட்டு அழுதேன். சைக்கிளில் போகும்போது வந்தால்?

மாமாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவனை வைத்துத்தான் அவர் நடக்கிறார்.

இப்போது நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் சரி.

வித்தியா

*

ஸ்காபரோ
14.04.2026

வித்தியா, என்ரை பிள்ளை,

வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. சுகம் கேட்கவும் வாய் வரவில்லை, இனி நான் அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்க வேணும்.

காசு கட்டிவிட்டேன். 3F உமக்கு. அப்பாவுக்கு 3A, அதே வரிசை யன்னல், நடைபாதைக்கு அந்தப் பக்கம். கழிப்பறை கிட்ட. கணக்குக் கதை கதைத்தீரென்றால் அறைதான் விழும்.

நான் வயதானவர்களைப் பார்க்கிறவள். கிழமைக்கு ஒருதரம் வலிப்புப் பார்க்கிறேன். இங்கே அந்த வருத்தத்தோடு டொக்டராக இருக்கிறார்கள், ரீச்சராக இருக்கிறார்கள். உம்மிடம் கோபித்து எழுதியதை இனித் திருப்பி எடுக்க முடியாது. நீர் அதை அழித்துவிடும்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீர் நினைத்தது மெத்தச் சரி. அதற்கு உமக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தவ. சின்னத்தங்கம். ஒன்பது வயதில் தோட்டக் கிணற்றில் விழுந்து செத்துப்போனா. அவவுக்கும் இதே வருத்தம். அம்மா சாக முதல் எனக்குச் சொன்னது. அப்பாவின் வாயால் அந்தப் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. இது தெரிந்தால் மனிசன் தாங்கமாட்டார்.

சீற் ஏன் மாறியது என்று கேட்டால் நான் ஏதாவது சொல்கிறேன். ஜெயரூபனுக்கு எப்போது சொல்வது என்பது உம்முடைய முடிவு.

கவனம். சாப்பிடும்.

குணம் மச்சாள்

*

சிவமயம்

கோப்பாய் தெற்கு
24.04.2026

அன்பு மகள் குணலட்சுமி அறிவது,

அப்பா எழுதுவது. சுவாமியின் கிருபையால் இவ்விடம் யாவரும் நலம். நீயும் பேரப்பிள்ளைகளும் குளிர் தாங்கி நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்த வீட்டில் ரெலிபோனில் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள். ஆகவே தபாலில் போடுகிறேன்.

நேற்று நீ "அப்பாவுக்கு யன்னல் சீற், இராசா மாதிரி வெளியைப் பாத்துக்கொண்டு வரலாம்" என்று சொன்னாய். எனக்கு யன்னல் வேண்டாம். முன்பு இருந்தது போலப் பேரனுக்குப் பக்கத்தில் என்னைப் போட்டுவிடு. காரணம் சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள்.

பெடியனுக்கு இழுப்பு வருகிறது. வித்தியா ஒருவருக்கும் சொல்லவில்லை. திருவெம்பாவை அன்று நான் கோயிலுக்குப் போகும் வழியில் இடுப்பு ஏலாமல் திரும்பி வந்தேன். வேலியால் கண்டேன். வித்தியா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதது. உள்ளே போனால் கூசிப்போகும் என்று மறுபடியும் ஒழுங்கையில் நடந்து, பூசை முடிகிற நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து வித்தியா படுப்பதில்லை. நான் தண்ணீர் குடிக்க எழும்பும் நேரமெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருக்கிறது. கண் உள்ளே போய்விட்டது. இந்தப் பயணத்தில் அவனை நான் பார்த்துக்கொண்டால் தூர ஒரு சீற்றில் அது ஒரு தரமாவது படுக்கும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் மூன்று பேர் கதை சொன்னேன். அதை நான் நம்புகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். வேறு என்னத்தைச் சொல்ல?

இழுப்பு எப்படி வரும், எப்படி விடும் என்று எனக்குத் தெரியும். கொம்மா உனக்குச் சொல்லியிருப்பா. சின்னத்தங்கத்துக்கு ஒன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எங்களைப் பெற்ற ஆத்தை சந்தைக்குப் போனா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலிக்கு அங்கால் ஒரு பட்டம் அறுந்து விழுந்தது. எடுக்கப் போய் வந்தேன். அவ்வளவு நேரந்தான்.

தலையணைக்குக் கீழே திறப்பை வைத்தவனும் நான்தான். இழுப்புக்கு இரும்பு காவல் என்பார்கள், அதனால் ஒன்றும் ஆகாது. ஆத்தை வைத்தா, நானும் வைத்தேன்.

ஆகவே சீற்றை மாற்றிவிடு. வித்தியாவிடம் ஒன்றும் கேட்காதே. அது தானாகச் சொல்லட்டும்.

இப்படிக்கு
அன்பு அப்பா
அ. சிவசுப்பிரமணியம்

(கோப்பாய்த் தபாலகத்தில் இட்டது. ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது மே 19.)

*

விமானத்தில்
16.05.2026

மச்சாள்,

இது சாப்பாட்டு அட்டையின் பின்பக்கம். வேறு தாள் இல்லை. இறங்கியதும் உங்கள் கையில் நானே தருவேன். வாயால் சொல்ல வந்தால் அழுவேன், அங்கே பூங்கொத்தோடு எல்லோரும் நிற்பீர்கள். நாங்கள் மூன்று பேரும் சுகம். இந்த முறை உண்மையாகத்தான் எழுதுகிறேன்.

3F இல் இருந்தேன். ஆரூரனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த சுவர் ஒரு பொத்தானை அமர்த்தக் கீழே இறங்கிவிட்டது. மூன்று மாதம் நான் பயந்த சுவர். கையை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை கண் மூடுவதில்லை என்று இருந்தேன். யன்னல்களை மூடி, பகலை இரவாக்கினார்கள். அவ்வளவுதான் தெரியும்.

முழிக்கும்போது ஆறு மணித்தியாலம் போயிருந்தது. என் கை அவன்மேல் இல்லை. எழும்பிப் பார்த்தால் அவன் நல்ல நித்திரை. அவனுடைய காலடியில், பை வைக்கிற அந்தச் சின்ன ஸ்ரூலில், மாமா. ஒரு கை பிள்ளையின் பாதத்தில். பொல்லு மடியில். அந்தப் பக்கம் 3A இல் போட்ட படுக்கை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஏன் மாமா இஞ்சை இருக்கிறியள்? இடுப்பு?"

"இடுப்பு எங்கை போகப்போகுது? கிடக்கு."

"எவ்வளவு நேரமாய்?"

"நீர் கண் மூடினதிலையிருந்து." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒருக்கா வந்தது பிள்ளை. நாப்பத்தைஞ்சு எண்ண முடிஞ்சிட்டுது. பக்கத்துக்குத் திருப்பிவிட்டன். எழும்பித் தண்ணி கேட்டான், குடிச்சான், படுத்திட்டான்."

பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். "என்னை ஏன் எழுப்பேல்லை?"

"எழுப்பி என்ன செய்யப்போறீர்? எண்ணத்தானே. எனக்கும் எண்ணத் தெரியும்."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். திருவெம்பாவையிலிருந்து என்றார். அப்ப மூன்று பேர் ஒன்றாக வெளிக்கிடக் கூடாது என்றதெல்லாம்?

"உதை ஆர் நம்பினது? உமக்கு ஒரு நித்திரை வேணும் எண்டு பாத்தன். குணத்துக்கு வேறை என்னத்தைச் சொல்ல?" என்றார். "அவள் காசு கட்டி என்ரை திட்டத்தைக் குழப்பிப்போட்டாள்."

நான் சிரித்தேன், மச்சாள். சிரித்துக்கொண்டே அழுதேன். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தந்தார். அதோடு ஏதோ விழுந்து உருண்டது. அந்த இரும்புத் திறப்பு. கொழும்பில் பைகளைச் சோதித்த இடத்தில் அவருக்கு ஏன் மணி அடித்தது என்று அப்போதுதான் விளங்கியது. எடுத்துப் பிள்ளையின் தலையணைக்குக் கீழே வைத்தேன். சின்னத்தங்கம் என்ற பெயரை அவர் ஒரு தரம் சொன்னார்.

அவரால் எழும்ப முடியவில்லை. விமானப் பணிப்பெண்ணும் நானும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கினோம். 3A க்குக் கூட்டிப்போகப் பார்த்தோம், வரமாட்டேன் என்றார். அதனால் 3F ஐக் கட்டிலாக்கி அதில் படுக்க வைத்தேன். இறக்கிய சுவருக்கு மேலால் கையைப் போட்டு, பெடியனின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். குறட்டை விடுகிறார். ஆரூரன் முழிக்கவில்லை.

ஆகவே நீங்கள் காசு கட்டி எடுத்துத் தந்த சீற்றில் நான் இல்லை. கோபிக்க வேண்டாம்.

உங்கள் தம்பிக்கு இன்றைக்கே நான் சொல்வேன். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்வேன். பின்னால் பிடித்துக்கொண்டு அவர் ஓடட்டும்.

இன்னும் ஐந்து மணித்தியாலம் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் அவர்கள் இரண்டு பேரின் கை மட்டும் தெரிகிறது. பேனையை மூடிவிட்டுப் படுக்கப்போகிறேன்.

உங்கள் வித்தியா
3A, யன்னலோரம்